விசேட தேவையுடைய பிள்ளையும் வீடும்: யாழ்ப்பாணத்தில் உதவி எங்கே வந்து நிற்கிறது

யாழ்ப்பாணத்தில் விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. செவிப்புலனும் விழிப்புலனும் குறைந்த பிள்ளைகளுக்குக் கைதடியில் நவீல்ட் பாடசாலை பல தலைமுறையாக இயங்குகிறது. கண் தெரியாத பிள்ளைகளுக்குச் சுன்னாகத்தில் வாழ்வகம் இருக்கிறது. புத்தி வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கோண்டாவிலில் சிவபூமி பாடசாலை. போர்க்காலத்தில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து கொடுத்த ஜெய்ப்பூர் நிலையம் இன்றும் வேலை செய்கிறது. போதனா வைத்தியசாலையில் குழந்தை வைத்திய நிபுணர்களும் இயன்மருத்துவர்களும் (பிசியோதெரபிஸ்ட்) இருக்கிறார்கள். சில அரச பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகளும் உண்டு.

ஆனால் இவை எல்லாமே பிள்ளை வீட்டிலிருந்து வெளிக்கிட்டுப் போய்ப் பெறவேண்டிய உதவிகள். மாதத்தில் ஒருநாள் கிளினிக், அங்கே அரை மணித்தியாலம் பயிற்சி. மிச்ச நேரம் முழுக்கப் பிள்ளை இருப்பது வீட்டில்தான். கடுமையான பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுப்பாடில்லாமல் போவது) உள்ள பிள்ளை, நடக்க முடியாத பிள்ளை, சத்தம் கேட்டால் பதறும் ஓட்டிசப் பிள்ளை, தீவுப்பகுதியில் இருக்கிற பிள்ளை என்றால் வெளிக்கிடுவதே பெரிய பாடு. அப்படிப்பட்ட பிள்ளையை வளர்க்கிற வீட்டுக்குள் என்ன உதவி போகிறது என்று கேட்டால் பதில் மிகச் சுருக்கமாகத்தான் வருகிறது: பெரும்பாலும் தாய்தான்.

அந்தத் தாய் களைத்து விழுந்தால் பிள்ளைக்குச் செய்துவந்த எல்லாமே அன்றோடு நின்றுபோகும். ஆகவே பிள்ளைக்கான உதவித் திட்டம் என்று எதை எழுதினாலும், அது அந்த வீட்டின் ஒரு நாளை இலகுவாக்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியைத்தான் வைத்துக்கொண்டு போகிறேன்.

வீட்டில் ஒரு நாள்

எட்டு, ஒன்பது வயதில், தானாக நிமிர்ந்து இருக்க முடியாத ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். விடிய எழும்பியதும் பிள்ளையைத் தூக்கிக் கழுவ வேண்டும். எங்கள் பழைய வீடுகளில் கிணற்றடியும் மலகூடமும் வளவின் பின்பக்கம். இரண்டு படி இறங்கி, ஈர நிலத்தில் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்க வேண்டும். சின்ன வயதில் அது கஷ்டமாகத் தெரியாது. பிள்ளை இருபத்தைந்து கிலோ வந்தபிறகு தாயின் நாரி போய்விடும். நாரி நோகிறது என்று அவர் வைத்தியரிடம் போகவும் மாட்டார். போனால் பிள்ளையை யார் பார்ப்பது?

சாப்பாடு அடுத்தது. விழுங்கக் கஷ்டப்படுகிற பிள்ளைக்கு ஒரு நேரச் சாப்பாடு தீத்தி முடிக்க முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் எடுக்கும். மூன்று நேரமும் அப்படியே. இடையில் மருந்து. மற்றப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். உடுப்பு மற்ற வீடுகளைவிட இரண்டு மடங்கு தோய்க்க வேண்டும். இரவில் வலிப்பு வரலாம், பிள்ளை நித்திரை கொள்ளாமல் கத்தலாம். தாய் இடைக்கிடைதான் தூங்குவார்.

முந்தி இந்த வேலைகளைப் பகிர ஆட்கள் இருந்தார்கள். அம்மம்மா பக்கத்து வளவில், சித்தி அடுத்த ஒழுங்கையில். இடப்பெயர்வும் வெளிநாட்டுப் பயணமும் அந்தக் கட்டமைப்பைக் குலைத்துவிட்டன. இப்போது சித்தி கனடாவில், மாமா சுவிஸில். காசு வருகிறது, வீடியோவில் முகம் தெரிகிறது. ஆனால் பிள்ளையை ஒரு பின்னேரம் வைத்திருக்கக் கை இல்லை. தகப்பன் இல்லாத, அல்லது தகப்பன் தூர இடத்தில் வேலை செய்கிற குடும்பங்களில் இது இன்னும் மோசம்.

நெடுந்தீவில் இருந்து கிளினிக்குக்கு வருகிற குடும்பத்தையும் ஒருக்கால் யோசியுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறி ஒரு மணித்தியாலம் அளவில் கடல் கடந்து குறிகாட்டுவானில் இறங்க வேண்டும். அப்புறம் பஸ். பின்னேரப் படகைத் தவறவிட்டால் இரவு தங்க இடம் தேட வேண்டும். காற்றுக்காலத்தில் படகு ஓடாவிட்டால் கிளினிக் திகதி போய்விடும். இரண்டு முறை வராத பிள்ளையின் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று குறிக்கப்படுகிறது. ஏன் வரவில்லை என்று கேட்க அந்தத் தாளில் இடமில்லை.

முதல் மூன்று வருடம்

எங்கள் சுகாதாரக் கட்டமைப்பில் ஒரு நல்ல விஷயம், குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வருவது. பிள்ளை பிறந்ததும் கொடுக்கிற சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக் கோட்டோடு, எந்த மாதத்தில் தலை நிமிர்த்த வேண்டும், எப்போது இருக்க வேண்டும், எப்போது சொல் வர வேண்டும் என்பதும் இருக்கிறது. நிறைப் பக்கத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். வளர்ச்சிப் பக்கம் பல கொப்பிகளில் வெறுமையாகவே கிடக்கும்.

பிந்துவதற்கு வீட்டிலும் காரணம் உண்டு. "தகப்பனும் நாலு வயசிலதான் கதைச்சவன், ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது அன்போடு சொல்கிற ஆறுதல். ஆனால் காது கேளாத பிள்ளைக்கும் ஓட்டிசப் பிள்ளைக்கும் அந்த இரண்டு வருடம் மிகப் பெரிய இழப்பு. மூளை மிகக் கெதியாக வளர்கிற காலம் அதுதான். பன்னிரண்டு மாதமாகியும் மழலைச் சத்தம் இல்லை, கை காட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்பதில் ஒரு நட்டமும் இல்லை. ஒன்றும் இல்லை என்று சொன்னால் நிம்மதி.

இந்தக் காலத்தில்தான் தாய்மேல் பழியும் விழுகிறது. கிரகணத்தில் வெளியே போனாள், சாபம், செய்வினை, முற்பிறப்புப் பாவம் என்று. பிறக்கும்போது மூளைக்கு ஒட்சிசன் குறைந்தது, மாதம் நிறையாமல் பிறந்தது, பிறந்த கையோடு வந்த கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், நிறமூர்த்தத்தில் ஏற்பட்ட மாற்றம் என்று காரணங்கள் இருக்கின்றன. பல வேளைகளில் காரணம் கண்டுபிடிக்கவே முடியாது. எதுவாக இருந்தாலும் தாய் செய்த குற்றம் என்று இதில் ஒன்றும் இல்லை. இதை வைத்தியர் தாய்க்கு மட்டும் சொன்னால் போதாது. தகப்பனையும் மாமியாரையும் கூப்பிட்டு இருத்தி, அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிடக் கதை சில வீடுகளில் மருந்தைவிட உதவும்.

இன்னொன்றும் நடக்கிறது. அக்காவின் கலியாணம் குழம்பிவிடும் என்று பயந்து தம்பியை வெளியே காட்டாமல் வைத்திருக்கிறார்கள். ஆட்கள் வந்தால் பிள்ளை பின் அறையில். இதற்காகப் பெற்றோரைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை. சம்பந்தம் பேச வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள்தான் அந்தக் கதவைப் பூட்டுகின்றன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 23ஆவது உறுப்புரை, பிள்ளைகள் மறைத்து வைக்கப்படுவதையும் கைவிடப்படுவதையும் தடுக்க, பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் தகவலும் சேவையும் ஆதரவும் முற்கூட்டியே கொடுக்க வேண்டும் என்கிறது. பிள்ளையை மறைப்பதைத் தடுக்கிற வழியாக அது குடும்பத்துக்கான ஆதரவைத்தான் முன்வைக்கிறது.

பயிற்சியை நாளுக்குள் கலப்பது

"ஒருநாளைக்கு மூன்று தரம், இருபது நிமிடம் பயிற்சி செய்யுங்கோ" என்று கிளினிக்கில் சொல்லி அனுப்புவார்கள். மேலே சொன்ன நாளில் அந்த ஒரு மணித்தியாலத்தை எங்கே வைப்பது? தாய் செய்ய மாட்டார். அடுத்த முறை "செய்தீங்களோ?" என்று கேட்டால் குற்ற உணர்ச்சியோடு தலையாட்டுவார். அனுபவமுள்ள சிகிச்சையாளர்கள் வேறு மாதிரிக் கேட்பார்கள்: பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுறீங்கள், எங்கே இருத்தி வைப்பீங்கள், எப்படித் தீத்துவீங்கள்? கேட்டுவிட்டு, எப்படியும் செய்கிற அந்த வேலைகளுக்குள்ளேயே பயிற்சியைப் புகுத்துவார்கள். உடுப்பு மாற்றும்போது கையை மெதுவாக நீட்டி மடக்குவது, குளிக்க வார்க்கும்போது உடம்பின் பாகங்களைச் சொல்லிச் சொல்லித் தொடுவது, தூக்கும்போது கால்களை விரித்து இடுப்பில் வைத்துக்கொள்வது. தனியாக நேரம் தேவையில்லை.

தீத்துகிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் விடுகிற பிழை உயிருக்கே ஆபத்தாகலாம். பல வீடுகளில் பிள்ளையை மடியில் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாய்க்குள் ஊற்றுகிறார்கள். அது இலகுவாகத் தெரியும். ஆனால் தலை பின்னால் சாய்ந்திருந்தால் சாப்பாடு சுவாசக் குழாய்க்குள் போகிற ஆபத்து கூடும். அடிக்கடி சளி, நெஞ்சில் கரகரப்பு, திரும்பத் திரும்ப நியூமோனியா என்று பிள்ளை வார்ட்டில் படுப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, தலை சற்று முன்னுக்கு வரும்படி தாங்கி, முன்பக்கம் இருந்து, கரண்டியை வாயின் மட்டத்துக்குச் சற்றுக் கீழாகக் கொண்டுவர வேண்டும். ஒரு வாய் விழுங்கி முடியும்வரை அடுத்த வாய் கொடுக்கக் கூடாது. சாப்பிட்டபின் அரை மணித்தியாலம் அப்படியே இருக்க விட வேண்டும்.

என்ன கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். பிட்டு எங்கள் வீட்டுச் சாப்பாடு. ஆனால் விழுங்கக் கஷ்டப்படுகிற பிள்ளைக்கு உதிருகிற பிட்டு நல்லதில்லை. சொதி விட்டாலும் மா வேறாக, தண்ணி வேறாக நிற்கும். வாய்க்குள் இரண்டு விதமான பதம் ஒன்றாக வந்தால் அந்தப் பிள்ளைக்குச் சமாளிக்க முடியாது. பருப்பும் பூசணிக்காயும் சேர்த்துக் கட்டியில்லாமல் மசித்த சோறு, தடிப்பாகக் காய்ச்சிய குரக்கன் கூழ், உளுத்தங்களி போன்றவை நல்லது. வெறும் தண்ணிக்கு இருமுகிற பிள்ளை தடித்த கஞ்சிக்கு இருமாமல் இருக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தப் பதம் சரி என்பதைப் பேச்சுச் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். இலங்கையில் இந்தத் துறைக்கான பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. தமிழில் கதைக்கிற பேச்சுச் சிகிச்சையாளர்கள் இன்றும் குறைவு. வடக்கிலிருந்து இந்தப் படிப்புக்குப் போகிற பிள்ளைகளைக் கூட்டுவது பற்றி எங்கள் பாடசாலைகள் உயர்தர வகுப்பிலேயே கதைக்க வேண்டும். மருத்துவமும் பொறியியலும் மட்டும் கிடைக்காதுபோனால் வாழ்வே முடிந்தது என்று அழுகிற பிள்ளைகளுக்கு இப்படி ஒரு தொழில் இருப்பதே தெரியாது.

இருத்தி வைக்கிற கதிரை அடுத்தது. நாள் முழுக்கப் பாயில் படுத்திருக்கிற பிள்ளைக்குத் தெரிகிற உலகம் கூரை மட்டும்தான். சுவரின் மூலை மாதிரி இரண்டு பலகையைச் சேர்த்து, நடுவில் இருக்கை வைத்து, முன்னால் ஒரு சின்ன மேசைத் தட்டுப் பூட்டினால், தோள் முன்னுக்கு வந்து பிள்ளை ஓரளவு தானாக இருக்கும். இயன்மருத்துவர் அளவு சொன்னால் ஊர்த் தச்சுவேலைக்காரர் இரண்டு நாளில் செய்துவிடுவார். பழைய அட்டைப் பெட்டிகளையும் பத்திரிகைக் கடதாசியையும் மாப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிக் கதிரை செய்கிற முறையும் ஆபிரிக்க நாடுகளில் தொடங்கிப் பல இடங்களுக்குப் பரவியிருக்கிறது. நன்றாகக் காய்ந்துவிட்டால் பலகை மாதிரிப் பலமாக நிற்கும். பிள்ளை விறாந்தையில் இருந்து படலையைப் பார்க்கத் தொடங்கினால், போகிற வருகிற ஆட்களும் பிள்ளையோடு கதைக்கத் தொடங்குவார்கள்.

கதைக்க முடியாத பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நினைக்கக் கூடாது. ஒரு மட்டையில் தண்ணி, சாப்பாடு, மலகூடம், நோகுது, வெளியே, போதும் என்று ஆறு படம் ஒட்டி, கையால் அல்லது கண்ணால் காட்டப் பழக்கலாம். இதைப் பழக்கினால் பிள்ளை கதைக்கவே மாட்டாது என்று சில பெற்றோர் பயப்படுகிறார்கள். படம் பேச்சைத் தடுக்காது. நோகிற இடத்தைச் சொல்ல முடியாததால்தான் பல பிள்ளைகள் கத்துகிறார்கள், கடிக்கிறார்கள். சொல்ல ஒரு வழி கிடைத்தால் அது குறையும்.

வலிப்பு பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். வலிப்பு வரும்போது கையில் இரும்பு, திறப்பு கொடுப்பதும், பல்லுக்கிடையில் கரண்டி வைப்பதும் இன்னும் நடக்கிறது. அவை எதுவும் உதவாது. கரண்டியால் பல் உடையும். பிள்ளையைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே துவாய் மடித்து வைத்து, நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990க்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், அது இலவசம். மருந்தைத் திடீரென நிற்பாட்டக் கூடாது. 2022 பொருளாதார நெருக்கடியில் வலிப்பு மருந்தைத் தேடிப் பெற்றோர் கடைகடையாக அலைந்ததும், எரிபொருள் இல்லாமல் கிளினிக் தவறியதும் மறக்கக்கூடியவை இல்லை. இரண்டு கிழமை மருந்தை எப்போதும் கையில் மிச்சம் வைத்திருக்கச் சொல்லி வைத்தியர்கள் எழுதிக் கொடுத்தால் நல்லது.

காசும் கந்தோரும்

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிற சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். வருமானம் குறைந்த குடும்பங்களில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாதக் கொடுப்பனவு உண்டு. 2024இல் 7,500 ரூபாவாக இருந்தது, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. விலைவாசியோடு வைத்துப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. ஓட்டோவில் இரண்டு தரம் யாழ்ப்பாணம் வந்துபோக, ஒரு பெட்டி பம்பர்ஸ் வாங்க, கொஞ்சம் பால்மாப்பெட்டி வாங்க அது முடிந்துவிடும். ஆனாலும் உள்ளது உள்ளதுதான், எடுக்க வேண்டும்.

எடுப்பதற்கு விதானையார் (கிராம அலுவலர்), பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர், வைத்திய அறிக்கை என்று பல படி ஏற வேண்டும். யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இந்த வேலைக்கு ஆள் உண்டு. பல பெற்றோர் ஒரு தரம் போய், இன்னொரு கடிதம் கொண்டுவரச் சொன்னதும் மனம் விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று கந்தோர் ஏறுவது எப்படி என்பது தெரிந்தால் அவர்களைக் குறை சொல்ல வராது. இங்கே பக்கத்து வீட்டுப் படித்த பிள்ளை ஒன்று பெரிய உதவி செய்யலாம். படிவத்தை நிரப்பி, பிறப்புச் சான்றிதழ், வைத்தியர் கடிதம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு, பிரதிகள் எடுத்து, தாயோடு கூடப் போய் வரலாம். போகமுதல் கந்தோருக்கு போன் எடுத்து என்னென்ன வேண்டும் என்று கேட்டால் ஒரு பயணம் மிச்சம். மாதாந்தக் கொடுப்பனவைத் தவிர வீட்டில் மலகூடம் திருத்த, சாய்தளம் கட்ட, துணைச்சாதனம் வாங்கவும் சமூக சேவைப் பக்கம் உதவி இருக்கிறது. கேட்காமல் அவர்கள் சொல்வது அரிது.

பொருள் கொடுக்கிறவர்கள் யோசிக்க வேண்டியது

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் மனம் இரங்கித்தான் கொடுக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிறந்தநாள், நினைவுநாள் என்றால் ஒரு மண்டபத்தில் சக்கர நாற்காலி வழங்குவார்கள். பிள்ளையை இருத்தி, மாலை போட்டு, படம் எடுத்து, பேஸ்புக்கில் போடுவார்கள். நாற்காலி வீட்டுக்குப் போனபிறகு என்ன நடக்கிறது? பெரியவர்களுக்கான அளவு. பிள்ளை அதற்குள் ஒருபக்கம் சரிந்து கிடக்கும், முதுகெலும்பு இன்னும் வளையும். மணல் ஒழுங்கையில் முன் சில்லு புதையும். வாசலில் இரண்டு படி. சில மாதத்தில் அதன்மேல் உடுப்புக் காயும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, நாற்காலி கொடுப்பதற்கு முன் ஆளைப் பரிசோதித்து அளவு எடுப்பதும், கொடுத்தபின் பொருத்திப் பார்த்துப் பழக்குவதும், பிறகு வந்து பார்ப்பதும் அந்தச் சேவையின் பகுதிகள் என்று தெளிவாகச் சொல்கிறது. பிள்ளை வளரும், நாற்காலி வளராது. ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய செலவையும் கொடுக்கிறவர் நினைத்திருக்க வேண்டும்.

அதே காசில் வேறு என்ன செய்யலாம்? ஒரு குடும்பத்துக்கு மாதம் இரண்டு ஓட்டோ பயணம், ஒரு வருடத்துக்கு. கிணற்றடிவரை சீமெந்துப் பாதையும் ஒரு கைபிடியும். குளிக்க வார்க்கிற உயரமான பலகைக் கட்டில், தாய் குனியாமல் நிற்கும்படி. உடுப்புத் தோய்க்கிற மெசின். தோய்க்கிற மெசினைப் பிள்ளைக்கான உதவி என்று யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள். ஆனால் அது தாய்க்கு ஒருநாளில் ஒரு மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுக்கும். படம் எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: உதவி வாங்குகிற தாயால் "படம் வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அதனால் கொடுக்கிறவர்தான் அதை வேண்டாம் என்று வைக்க வேண்டும்.

வீட்டையும் ஊரையும் வைத்தே மறுவாழ்வு கொடுக்கலாம் என்ற சிந்தனை எங்களுக்குப் புதிதில்லை. ஆரம்ப சுகாதாரம் பற்றிய 1978 அல்மா ஆட்டா மாநாட்டுக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் சமுதாயம்சார் புனர்வாழ்வு என்ற முறையை உருவாக்கியபோது, அதன் கைநூலை எழுதியவர்களில் ஒருவர் இலங்கை இயன்மருத்துவர் பத்மனி மெண்டிஸ். 1989இல் வெளிவந்த அந்தக் கைநூல், குடும்பத்தில் ஒருவரையே பயிற்றுநராக்கி, படங்களோடு படிப்படியாகச் சொல்லிக் கொடுப்பது. அந்த முறை இலங்கையில் 1994 முதல் சமூக சேவைகளுக்குப் பொறுப்பான அமைச்சின் தேசிய வேலைத்திட்டமாக இயங்குகிறது. அந்த வருடங்களில் இங்கே போர். 1995இல் குடாநாடே இடம்பெயர்ந்தது. தெற்கில் வேரூன்றிய அளவுக்கு அது எங்கள் பக்கம் ஆழமாகப் போகாததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இப்போது அதை வலுப்படுத்தக் கட்டமைப்பு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், கிராமத்துக்குக் கிராமம் போகிற உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்.

தாய்க்கும் ஒரு பின்னேரம்

உலக சுகாதார நிறுவனத்திடம் வளர்ச்சிப் பின்னடைவுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான ஒரு பயிற்சி இருக்கிறது. 9 குழு அமர்வுகள், 3 வீட்டுத் தரிசிப்புகள். நடத்துவதற்கு நிபுணர் தேவையில்லை, பயிற்சி பெற்ற ஊழியர் போதும். பிள்ளையோடு எப்படி விளையாடுவது, குழப்படி வரும்போது எப்படிக் கையாளுவது என்பதோடு, பராமரிக்கிறவரின் மனநலமும் அதில் ஒரு பாடம். இதை அப்படியே எடுக்க முடியாவிட்டாலும், ஒரு கிராமத்தில் நாலைந்து தாய்மார் மாதம் ஒருக்கால் ஒரு முன்பள்ளியில் கூடினாலே பாதி வந்துவிடும். எந்த மருந்துக்கடையில் மருந்து கிடைக்கும், எந்த ஓட்டோக்காரர் பொறுமையாகத் தூக்கி ஏற்றுவார், பிள்ளை தலையைச் சுவரில் மோதினால் என்ன செய்யலாம் என்பதெல்லாம் இன்னொரு தாய்க்குத்தான் தெரியும். முக்கியமாக, அங்கே அழலாம். வீட்டில் அழ முடியாது.

ஓய்வு என்பது இதைவிடக் கடினமான கேள்வி. சில நாடுகளில் பிள்ளையைச் சில நாட்களுக்குப் பொறுப்பெடுக்கிற இல்லங்களை அரசு நடத்துகிறது. இங்கே அதற்கு நாங்கள் சொந்தத்தையும் அயலையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மாமி, பெரியம்மா, பக்கத்து வீட்டு அக்கா ஆகியோருக்குப் பயம். "வலிப்பு வந்தால் என்ன செய்யிறது, எனக்குத் தெரியாது" என்பார்கள். பயம் நியாயமானது. இரண்டு மூன்று முறை தாயோடு கூட இருந்து தீத்தி, தூக்கி, கழுவிப் பழகினால் பயம் போகும். பிறகு கிழமையில் ஒரு பின்னேரம், இரண்டு மணித்தியாலம். அந்த நேரத்தில் தாய் என்ன செய்தார் என்று யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. கோயிலுக்குப் போகலாம், நித்திரை கொள்ளலாம், மற்றப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கடைக்கு நடக்கலாம்.

மற்றப் பிள்ளைகளைப் பற்றி அதிகம் யாரும் கதைப்பதில்லை. "நீ நல்ல பிள்ளை, நீ விளங்கிக்கொள்ளுவாய்" என்று சொல்லியே அவர்களின் பங்கை எடுத்துவிடுகிறோம். தகப்பன்மாரும் கிளினிக் பக்கம் வரவேண்டும். பாடசாலைக் கூட்டத்துக்கு வருகிற தகப்பன், பயிற்சி நாளுக்கு லீவு எடுத்தால் என்ன?

பாடசாலை பற்றிச் சுருக்கமாக: 5 வயது முதல் 16 வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயம். 1996 சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காட்டி எவரையும் கல்வி நிறுவனத்தில் சேர்க்காமல் விடக்கூடாது என்கிறது. "எங்களிடம் வசதி இல்லை, வேறு இடம் பாருங்கோ" என்று வாயால் சொல்லி அனுப்பினால், அதை எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். பிறகு வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். எழுத்தில் கேட்டாலே பல நேரம் கதை மாறும்.

வளர்ந்தபிறகு

பிள்ளை பெரியபிள்ளை ஆனதும் வீடு இன்னும் பயப்படத் தொடங்கும். மாதவிலக்கை எப்படிச் சமாளிப்பது, அண்ணனோ தகப்பனோ கழுவலாமா, வீட்டில் தனியே விடலாமா என்றெல்லாம் கேள்விகள். இதைக் குடும்பநல உத்தியோகத்தரோடு கூச்சமில்லாமல் கதைக்க வேண்டும். புத்தி வளர்ச்சி குறைந்த பிள்ளைகள் துஷ்பிரயோகத்துக்கு ஆளாகிற ஆபத்து மற்றப் பிள்ளைகளைவிடக் கூட. உடம்பில் எதை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று படம் காட்டியாவது சொல்லிக் கொடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கம் இருக்கிறது.

எல்லாப் பெற்றோருக்கும் உள்ளே இருக்கிற கேள்வி, தங்களுக்குப் பிறகு யார் என்பது. வயது போனபிறகு யோசிப்பதைவிட, பெற்றோர் நன்றாக இருக்கும்போதே தொடங்குவது நல்லது. காணியையும் வீட்டையும் சகோதரத்துக்கு எழுதும்போது, பிள்ளைக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கிற உரிமை) வைத்து எழுதலாமா என்று நொத்தாரிசிடம் கேட்கலாம். எங்கள் ஊரில் பெற்றோர் தங்களுக்கு அப்படி வைத்து எழுதுவது வழக்கம்தான். வங்கியில் வெளிநாட்டுச் சகோதரர் மாதம் போடுகிற காசுக்குத் தனிக்கணக்குத் திறக்கலாம். ஆனால் காசும் காணியும் பிள்ளையைக் கழுவித் தீத்தாது. பொறுப்பெடுக்கப் போகிறவர் வீட்டில் பிள்ளை இப்போதே இடைக்கிடை ஒரு இரவு தங்கிப் பழகட்டும். பிள்ளைக்கும் பழகும், அவர்களுக்கும் பழகும்.

அதோடு ஒரு கொப்பி எழுதி வையுங்கள். என்ன சாப்பாடு, எந்தப் பதத்தில், எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எந்த அளவு, எது ஒவ்வாது, எந்தச் சத்தம் பசி, எந்தச் சத்தம் நோ, எந்தப் பக்கம் சரித்துப் படுக்க வைத்தால் நித்திரை வரும், எந்தப் பாட்டுப் போட்டால் அழுகை நிற்கும். தாயின் தலைக்குள் மட்டும் இருக்கிற விஷயங்கள் இவை. தாய் ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் படுத்தாலும் வீட்டில் நிற்கிறவருக்கு அந்தக் கொப்பி தேவைப்படும். பிள்ளையின் நிறை கூட மருந்தின் அளவும் மாறும் என்பதால், ஒவ்வொரு கிளினிக்குக்குப் பிறகும் அந்தப் பக்கத்தைத் திருத்தி, கீழே திகதி போட வேண்டும்.